டெஸ்டோஸ்டிரோன் ஊசி: நான்கு ஆண்டு அனுபவம்

2021 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, சில நாட்களில் பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே குறுவைக்கு ஓடிக்கொண்டிருக்க, நான் திண்ணையை விட்டு எழவில்லை. அப்போது எனக்கு 46 வயது. விதைநெல் மூட்டையோடு வரப்பில் பத்து எட்டு வைத்தால் கால் நடுங்கும். தாம்பத்திய ஆசை அறவே போயிருந்தது.

அதை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனேன். நாடி பார்த்தார், ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. எட்டு மாதம் லேகியம் சாப்பிட்டேன், 23,000 ரூபாய் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மனைவிதான் ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, “நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை, தாடியே வரவில்லையே. தஞ்சாவூருக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள்” என்றாள். அங்கே ஹார்மோன் மருத்துவர் இரண்டு வெவ்வேறு நாட்களில், காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கச் சொன்னார். விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம் இருக்க வேண்டியது, எனக்கு 148. அடுத்த முறை 161. விரைகளைச் சுரக்கச் சொல்லித் தூண்டும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோனோ மிக அதிகமாக இருந்தது. அதாவது கட்டளை போகிறது, விரைகளால் சுரக்க முடியவில்லை. “சிறு வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததா?” என்று அவர் கேட்ட பிறகுதான், பதினெட்டு வயதில் தாடையோடு விரைகளும் வீங்கி இரண்டு வாரம் படுத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது.

உழவு மாட்டைக் காயடித்தால் என்ன ஆகும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். திமில் சிறுக்கும், முரட்டுத்தனம் அடங்கும். டெஸ்டோஸ்டிரோனை 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததும் காளைகளின் விரைகளிலிருந்துதான்.

எனக்குப் போடுவது 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட். நான்கு மில்லி மருந்து, விளக்கெண்ணெயில் கலந்தது. செவிலியர் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவார். “அசையாதீர்கள் அண்ணே, மெதுவாகத்தான் போடுவேன்” என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் இடுப்பில் ஏற்றுவார். மூன்றாவது ஊசியின்போது சட்டென்று தொண்டை கமறி, விடாமல் இருமல் வந்தது. எண்ணெய்த் துளி நுரையீரலுக்குப் போனால் அப்படி வரும் என்றார்கள். கால் மணி நேரத்தில் அடங்கியது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது இதற்காகத்தான். அவசரம் என்று எழுந்து போய்விடாதீர்கள்.

முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரு மாதத்தில் ஆசை திரும்பியது. எரிச்சல் குறைந்தது. உடல் வலு வர மூன்று நான்கு மாதம் பிடித்தது. அந்தச் சம்பா நடவில் நாற்று முடிச்சுகளை நானே வயலுக்குள் வீசினேன். அன்று சேற்றில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. எலும்பு அடர்த்தி கூடுவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. தொப்பை கொஞ்சம்தான் குறைந்தது. முன்நெற்றி முடி கொட்டியது, முதுகில் பருக்கள் வந்தன. ஊசித் தேதி நெருங்கும் கடைசி வாரத்தில் பழைய சோர்வு எட்டிப் பார்க்கும்.

பயந்தது ஒரே ஒரு முறை. இந்த ஹார்மோன் சிவப்பணுக்களைக் கூட்டும். பதினோராம் மாதம் என் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், 55-ஐத் தொட்டது. 54-ஐத் தாண்டினால் ரத்தம் தடித்து உறையும் ஆபத்து உண்டு என்று மருத்துவர் அந்த ஊசியைத் தள்ளிவைத்தார். பிறகு இடைவெளியைப் பதினான்கு வாரமாக்கினார். இப்போது 49-இல் நிற்கிறது. புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. பரிசோதனையும் ஆண்டுதோறும் செய்துகொள்கிறேன். பரிசோதனை இல்லாமல் ஊசி மட்டும் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள்.

போன மாதம் மச்சினன் மகன் வந்து, “மாமா, உடற்பயிற்சிக் கூடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், போடலாமா?” என்று கேட்டான். அவனுக்குத் தை மாதம் கல்யாணம். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும், விரைகள் சுருங்கும், விந்தணு இல்லாமலே போகலாம், ஊசியை நிறுத்தினாலும் அது திரும்பப் பல மாதம் ஆகும். எனக்கு மகள் பிறந்த பிறகுதான் இந்த ஊசி வந்தது. அப்போதும் மருத்துவர், இனிக் குழந்தை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார். அவன் என் பரிசோதனைத் தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்லிப் போனான்.