சுழலைப் படம் பிடிப்பதா, நிறுத்துப் பார்ப்பதா?

லீவில் ஹட்டன் வீட்டுக்கு வந்திருந்தேன். பேராதனையில் பௌதிகவியல் படிக்கும் மாமா மகன் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு கேட்டான்: "அண்ணே, மீப்பாய்ம ஈலியத்துல கொந்தளிப்ப அளக்கிறதுக்கு எது நல்லம்? ஐதரசன் துணிக்கை போட்டுப் படம் எடுக்கிறதா, இரண்டாம் ஒலியா?" வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் இரண்டாம் ஒலியைத் தெரிந்தெடுத்தவன் நான். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை.

2.17 கெல்வினுக்குக் கீழே திரவ ஈலியம் மீப்பாய்மமாகிறது, அதாவது அதன் ஒரு பகுதி உராய்வே இல்லாமல் ஓடுகிறது. அதில் சுழற்சி மெல்லிய இழைகளாக மட்டுமே அமையும். ஒவ்வோர் இழைக்கும் ஒரே அளவு சுற்றோட்டம், நடுத்தண்டின் தடிப்போ ஓர் அணுவின் அளவு. இழைகள் நூற்சிக்குப்போல் பின்னிக் கிடந்தால் அதுதான் குவாண்டம் கொந்தளிப்பு. ஒரு கன சென்ரிமீற்றருக்குள் மொத்தம் எவ்வளவு நீள இழை இருக்கிறது என்பதே எனக்கு வேண்டிய விடை.

படம் எடுக்கும் வழி கண்ணுக்கு விருந்து. 2006 இல் பியூலி, லாத்ரொப், ஸ்ரீனிவாசன் மூவரும் உறைந்த ஐதரசன் துணிக்கைகள் சுழல் இழைகளில் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். ஆனால் மைக்ரோமீற்றர் அளவுத் துணிக்கை இழையின் தண்டைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரியது. அது இழையில் சிக்கியிருக்கிறதா, ஈலியத்தில் கலந்திருக்கும் உராய்வுள்ள சாதாரணப் பாய்மத்தோடு அள்ளுப்பட்டுப் போகிறதா என்று படத்துக்குப் படம் யோசிக்க வேண்டும். போதாததற்குக் கண்ணாடிச் சாளரம், லேசர், அவை உள்ளே கொண்டுவரும் சூடு வேறு.

இரண்டாம் ஒலி என்பது வெப்பநிலை அலை. பெஷ்கோவ் 1944 இல் கண்டறிந்தது. ஹோலும் வினெனும் 1956 இல் அதை வைத்தே சுழல்களை அளந்தார்கள். ஒரு சென்ரிமீற்றர் அகலக் குழாயில் அடிப்படைப் பரிவு மீடிறன் ஏறத்தாழ 1,000 ஹேர்ட்ஸ். அந்த மீடிறனில் திரையில் ஒரு சிகரம் எழும். சூடாக்கியைப் போட்டுக் கொந்தளிப்பைக் கிளப்பினால் அந்தச் சிகரம் அமுங்கும்: இழைகள் அலையைத் தின்கின்றன.

நான் இதை எடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். சின்ன வயதில், பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் அம்மாவோடு நின்றிருக்கிறேன். சாக்கு நனைந்திருந்தாலும் காய்ந்திருந்தாலும் அதற்கென்று கொழுந்தின் நிறையில் ஒரே அளவாக வெட்டுவார்கள். அம்மா வாய்க்குள் முணுமுணுப்பார். இரண்டாம் ஒலியில் ஒவ்வொரு முறையும் வெறுஞ் சாக்கை நிறுக்கலாம். சுழல் இல்லாதபோது உள்ள வீச்சத்தை அளந்துகொள், பிறகு சுழலோடு அள, விகிதத்தை எடு. அலையை எழுப்பி உணரும் மென்சவ்வு கொஞ்சம் தொய்ந்திருக்கலாம், பெருக்கி கூடக்குறையக் காட்டலாம். இரண்டிலும் ஒரே பிழை என்பதால் விகிதத்தில் அடிபட்டுப் போகும். சுழல் இல்லாதபோது உள்ள சிகரத்தின் அகலமும், இழைக்கும் சாதாரணப் பாய்மத்துக்கும் இடையிலான உராய்வைச் சொல்லும், அட்டவணையிலுள்ள பரஸ்பர உராய்வுக் குணகமும் சேர்ந்தால் இழை நீளம் வந்துவிடும்.

ஒரு நிபந்தனை: இரண்டு நிறுவையும் ஒரே வெப்பநிலையில் நடக்க வேண்டும். முதல் மாதம் 2.1 கெல்வினில் வேலை செய்தேன். அங்கே இரண்டாம் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு சரசரவென்று இறங்கும். வெப்பநிலை துளி அசைந்தாலும் சிகரம் நகரும். ஒரு முழு இரவின் தரவு குப்பைக்குப் போனது. பிறகு 1.65 கெல்வினுக்கு மாறினேன். அங்கே வேகம் செக்கனுக்குச் சுமார் 20 மீற்றரில் உச்சம் தொட்டுத் தட்டையாக நிற்கும். சிகரமும் அடங்கி நின்றது.

குறை இல்லாமலில்லை. இழை எங்கே இருக்கிறது என்று இது சொல்லாது, மொத்தம் மட்டுமே. அலை போகும் திசையிலேயே படுத்திருக்கும் இழையும் இதன் கண்ணில் படாது. ஓர் இழை இன்னொன்றோடு வெட்டி ஒட்டும் கணத்தைப் பார்க்க ஆசையென்றால் துணிக்கைதான் வழி.

குவார்ட்ஸ் இசைக்கவையைப் பற்றியும் கேட்டான். ஈலியத்துக்குள் அதை அதிரவிட்டு, அதிர்வு எவ்வளவு தணிகிறது என்று பார்க்கும் வழி அது. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் அதே 32,768 ஹேர்ட்ஸ் கவைதான், தகர உறையைக் கழற்றியது. மலிவு. ஆனால் தன்னைச் சுற்றியுள்ளதை மட்டுமே உணரும். வேகமாக ஆட்டினால் தானே கொந்தளிப்பைக் கிளப்பும். இரண்டு கிழமை மட்டும் அதோடு பழகியவன் என்பதால் என் பேச்சை அளவோடு எடுக்கச் சொன்னேன். 1 கெல்வினுக்குக் கீழே சாதாரணப் பாய்மம் அநேகமாகத் தீர்ந்துவிடும், இரண்டாம் ஒலிக்கு அங்கே வேலையில்லை. நான் 1.3 ஐத் தாண்டி இறங்கியதில்லை. அவன் இறங்குவதென்றால் கவையோடு போகட்டும்.