ஒரு சொல்லுக்காக வாங்கிய அகராதி

கிளிநொச்சியில் ஏ9 வீதிக்கரைப் புத்தகக் கடையொன்றில் 850 ரூபாவுக்கு வாங்கிய ஆங்கிலம்-தமிழ் அகராதி இது. கடையின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் வேண்டாம், வீண் வம்பு. உயர்தரத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிற பெறாமகள் ‘ஹெரெசி’ என்றால் என்ன சித்தப்பா என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினேன்.

அச்சு நல்லது, எழுத்தும் பெரிது, கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். கட்டுத்தான் மோசம். நூல் தையல் கிடையாது, வெறும் பசை; மூன்றாம் நாளே ‘எச்’ பக்கங்கள் பத்துப் பன்னிரண்டு கையோடு வந்துவிட்டன. சரி, அதையாவது ஒட்டிக்கொள்ளலாம். தேடிப்போன சொல்லுக்குப் போட்டிருந்த பொருள் ‘மதத்துரோகம்’. அவ்வளவுதான்.

துரோகம் என்றால் யாருக்கு? மூலச்சொல்லான கிரேக்க ‘ஹைரெசிஸ்’ என்பதற்குத் ‘தெரிவு’ என்பதுதான் முதற்பொருள். பிறகு ஒருவர் தெரிந்தெடுத்த கொள்கை, அந்தக் கொள்கைக்காரரின் கூட்டம் என்று விரிந்தது. பரிசேயர், சதுசேயர் என்ற யூதப் பிரிவினரை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார், வசவாக அல்ல. திருச்சபையின் வாயில்தான் அது, தன் போதனைக்கு மாறான கொள்கை என்ற பொருளில், வசவானது. எங்களுடைய ‘பாசண்டம்’ போன வழியும் ஏறக்குறைய இதுதான்: எல்லாப் பாசண்டங்களையும் மதிப்பதாக அசோகனின் கல்வெட்டு சொல்கிறது, அங்கே அது வெறும் சமயப்பிரிவு, பிற்பாடு வேதத்துக்குப் புறம்பானவர்களைச் சுட்டப்போய், இன்றைக்கு இந்தியில் ‘பாக்கண்டி’ என்றால் வேஷக்காரன். சிலப்பதிகாரத்துத் தேவந்தியின் கதையில் வருகிற சாத்தன் என்ற தெய்வத்துக்குப் பெயரே பாசண்டச் சாத்தன். இதைச் சொன்னபோது பெறாமகள் நம்பவில்லை, புத்தகத்தை எடுத்துக் காட்டவேண்டி வந்தது.

‘ஹெரெசி’க்குக் கத்தோலிக்கர் வழக்கிலுள்ள ‘பதிதம்’ கூட இந்த அகராதியில் இல்லை. பதிதர் என்றால் விழுந்துபோனவர். மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்து நடந்துபோகிற சனம் இருக்கிற வன்னியில் விற்கிற அகராதிக்கு இது பெரிய குறை. 1670இல் புரட்டஸ்தாந்துக்காரரான ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைக் காட்டுக்குள் தூக்கிப்போனவர்கள் ஒல்லாந்தரின் கண்ணுக்குப் பிழையான மதக்காரர், இவர்களுக்கோ ஒல்லாந்தர்தான் பதிதர். ‘மதத்துரோகம்’ என்று ஒற்றைச் சொல்லில் போட்டால் இதில் யார் துரோகி?

பள்ளிப் பெடியள் எழுத்துக்கூட்டல் பார்க்க வாங்கலாம், தாராளமாக. சமயச் சொல் தேடுகிறவர்கள் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டுங்கள்.

கழன்ற பக்கங்களைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாற்றித்தர ஏலாதாம். பசைப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார், அதற்கு 120 ரூபா.