‘ஓகே’யா, ‘கூல்’தானா?

சம்மதம் சொல்ல இவ்விரண்டில் எதை எழுதுவது என்று தயங்குவோர் இவற்றின் பிறப்பைப் பார்க்கலாம்.

பிறப்பு: ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே ‘ஒல் கொரெக்ட்’ (oll korrect) எனப் பிழையாக எழுதி, முதலெழுத்துகளாகச் சுருக்கிய வேடிக்கையாக, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் ‘ஓகே’ அச்சேறியது, அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரனின் ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்ற பட்டப்பெயரும் அதே எழுத்துகளில் அமைந்ததால், அக்காலத்துப் பிற சுருக்கங்கள் மறைந்தும் இது பிழைத்துக்கொண்டது. ‘கூல்’ கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சிலிருந்து ஜாஸ் இசை வழியே பரவியது.

பொருள்: முன்னது வெறும் இசைவு, பின்னதில் பாராட்டும் பதறாத நிதானமும் சேர்ந்தே ஒலிக்கும்.

அலுவலக மடலுக்கு ‘ஓகே’ போதும். நண்பர் புதுச் சட்டையைக் காட்டினால் ‘கூல்’ என்பதே பொருந்தும். அங்கே ‘ஓகே’ என்றால் அவர் முகம் வாடிவிடும்.