பழைய ஜீப்பை இழுவை வண்டியில் ஏற்றும் முன் இதைப் படியுங்கள்

ராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். என்ஜின் ஓடாத எங்கள் ஜீப்பை இழுத்துச் செல்ல வந்த ஒருவர், போகிற வழியிலேயே கியர் பாக்ஸை நாசமாக்கிவிட்டார்.

அது அப்பாவின் மகிந்திரா. 2017இல் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் பயணிகளை ஏற்றிச் சென்ற வண்டி. இப்போது வலையும் ஐஸ் பெட்டியும் சுமக்கிறது. கம்பிப்பாட்டுக் கரையில் என்ஜின் நின்றுபோனபோது மணலிலிருந்து மீட்டவர்கள் அங்குள்ள மீனவர்கள்தான். டயரில் பாதிக் காற்றை இறக்கினார்கள். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டுப் பனைமட்டைகளைப் பரப்பினார்கள். பம்பரைத் தொடாமல் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) வடம் கட்டி, வடத்தின் நடுவே ஈரச் சாக்கைப் போட்டார்கள். வடம் அறுந்தாலும் ஆள்மேல் சீறிப் பாயாது. ஒரு கீறல் இல்லாமல் ஜீப் சாலைக்கு வந்தது. கூலி தந்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள்.

காசு வாங்கிக்கொண்டு செய்தவரின் லட்சணம் வேறு. வண்டி முழுவதையும் மேலே ஏற்றும் தட்டு லாரி வரும், ராமநாதபுரம் வரை 6,000 ரூபாய் என்று தொலைபேசியில் பேசினார். வந்தது முன்பக்கத்தை மட்டும் தூக்கும் கிரேன் வண்டி. "அண்ணே, பின் சக்கரம் தரையில் உருளும். பிராப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்" என்றேன். கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. "தம்பி, நியூட்ரலில் போட்டால் போதும். இது எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே சங்கிலியை மாட்டிவிட்டார்.

போதாது. என்ஜின் ஓடும்போது கியர் பாக்ஸின் அடியில் சுழலும் பற்சக்கரங்கள்தான் எண்ணெயை மேலே வாரி இறைக்கின்றன. வண்டியை இழுக்கும்போது பின் சக்கரம் கியர் பாக்ஸின் மேல் தண்டான மெயின் ஷாஃப்டை மட்டும் சுழற்றும். கீழ்ப் பற்சக்கரங்கள் அசையாது. எண்ணெய் மேலே ஏறாது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் அப்படி ஓடினால் எந்த இரும்பு தாங்கும்? இருசக்கர வாகனத்தில் பின்னாலேயே போன நான் இன்னொன்றையும் பார்த்தேன். அந்தரத்தில் தொங்கிய முன் சக்கரங்கள் கிறுகிறுவென்று சுழன்றன. முன் சக்கரங்களையும் என்ஜினோடு இணைக்கும் சின்ன லீவரை ஃபோர் வீலிலிருந்து எடுக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. ஹார்ன் அடித்தேன், கத்தினேன். நிறுத்தவில்லை.

பாம்பன் பாலத்துக்கு முன்னால் அவராகவே நிறுத்தினார், "மணல் கூலி" என்று இன்னும் 4,000 கேட்பதற்காக. மணலில் அவர் கால்கூட வைக்கவில்லை. தராவிட்டால் ஜீப்பை இங்கேயே இறக்கிவிடுவேன் என்றார். கொடுத்தேன். ரசீது கேட்டதற்குப் பெயரும் முத்திரையும் இல்லாத துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தது.

மெக்கானிக் கியர் பாக்ஸின் வடிகால் போல்ட்டைத் திறந்தார். கருகிய நாற்றத்தோடு எண்ணெய் வந்தது. விரலில் தேய்த்தால் பித்தளைப் பொடி மினுங்கியது. கிரேன்காரரை அழைத்துக் கேட்டேன். "பழைய வண்டி, முன்பே போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

யாரை அழைத்தாலும், கிளம்பும் முன்பே லாரியின் படத்தையும் பேசிய தொகையையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தட்டு லாரி இல்லை என்றால் பின்பக்கப் பிராப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பானா கையிலிருந்தால் சில நட்டுகள்தான். சின்ன லீவரை ஃபோர் வீலிலிருந்து நீங்களே எடுத்துவிடுங்கள். தூக்கும்போது காணொளி எடுங்கள். நான் எடுத்த காணொளியையும் பணம் அனுப்பிய பதிவையும் வைத்துத்தான் இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்.