டி செல் ஆன்டிபாடிகள்: பல வருடங்கள் பயன்படுத்திய பிறகு

மனித ரத்தத்திலிருந்து டி செல்களை (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளையணுக்கள்) பிரித்துப் பார்க்க, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில், ஒளிரும் ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்பதுதான். கம்பெனி இரண்டாம்பட்சம். குப்பியில் எந்த க்ளோன் (ஒரே செல் வழியிலிருந்து வந்த ஆன்டிபாடி வகை) இருக்கிறது, அதில் எந்தச் சாயம் ஒட்டியிருக்கிறது, அந்தச் சாயம் எவ்வளவு நாள் தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டி செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி3 என்ற புரதத்துக்கு யூசிஎச்டி1, ஓகேடி3, எஸ்கே7 என்ற மூன்று க்ளோன்களையும் பயன்படுத்தியிருக்கிறேன். சாதாரண ரத்த மாதிரியில் மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. வித்தியாசம் தெரிவது, வளர்ப்பில் ஓகேடி3 போட்டுத் தூண்டிய செல்களில். அந்த இடத்தை ஓகேடி3 ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். போதாக்குறைக்கு, தூண்டப்பட்ட செல் தன் சிடி3-இல் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். யூசிஎச்டி1-உம் சிடி3-இன் அதே எப்சிலான் சங்கிலியில்தான் ஒட்டுகிறது என்பதால் க்ளோனை மாற்றினாலும் பிரச்சினை தீராது. இப்படிப்பட்ட மாதிரியில் சிடி3 மங்கலாகத் தெரிந்தால் ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று குப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். (1980-களில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்ட முதல் மோனோக்ளோனல் ஆன்டிபாடி இதே ஓகேடி3தான்.)

டி செல்களின் இரண்டு பெரும் வகைகளைக் காட்டும் சிடி4, சிடி8 இருந்தால் போதும், சிடி3 எதற்கு என்று சிலர் சிக்கனம் பிடிப்பார்கள். மோனோசைட்டுகள் என்ற வேறு வெள்ளையணுக்களிலும் சிடி4 குறைந்த அளவில் உண்டு. டி செல் அல்லாத என்கே செல்களில் ஒரு பங்கு மங்கலான சிடி8-ஐக் காட்டும். சிடி3 இல்லாமல் இவற்றை ஒதுக்க முடியாது. அதே மாதிரி, சிடி3 இருந்து சிடி4 இல்லாததெல்லாம் சிடி8 செல் என்று எழுதிவிடுவதும் சரியல்ல. காமா டெல்டா என்ற இன்னொரு வகை டி செல்களில் பெரும்பகுதிக்கு இரண்டுமே இருக்காது. பிஎம்ஏ, அயனோமைசின் என்ற ரசாயனங்களைக் கொடுத்துத் தூண்டும்போது சிடி4 மேற்பரப்பிலிருந்து காணாமல் போகும். அந்தச் சோதனைகளில் செல்லைத் துளையிட்ட பிறகுதான் சிடி4 ஆன்டிபாடியைப் போடுகிறேன். உள்ளே போனது அப்போது தெரியும்.

அடுத்தது, எந்தச் சாயத்தை எங்கே வைப்பது. சிடி8 தானாகவே பளிச்சென்று தெரியும். அதற்குப் போய் பிஇ மாதிரி பிரகாசமான சாயத்தைக் கொடுத்தால் அதன் ஒளி பக்கத்துச் சேனல்களில் (மற்றச் சாயங்களின் ஒளியை அளக்கும் இடங்களில்) எல்லாம் வழியும். பிஇ, பிவி421 போன்றவற்றை மங்கலாகத் தெரியும் சிடி25, சிடி127, சிசிஆர்7 ஆகிய புரதங்களுக்கு ஒதுக்குங்கள். எஃப்ஐடிசி பழைய சாயம், அவ்வளவு பிரகாசம் கிடையாது. ஆனால் சிடி3-க்கு அது தாராளமாகப் போதும், வருடக்கணக்கில் தொந்தரவும் தந்ததில்லை.

தொந்தரவு தருவது டேண்டம் சாயங்கள். பிஇ-சை7 என்பது இரண்டு சாயங்களை இணைத்தது. லேசர் ஒளியை பிஇ வாங்கி, ஆற்றலை சை7-க்குக் கைமாற்றும், சை7 780 நானோமீட்டர் பக்கத்தில் ஒளிரும். வெளிச்சம், சூடு, ஃபார்மால்டிஹைடு எதனாலாவது சை7 சிதைந்தால் கைமாற்ற ஆள் இல்லாமல் பிஇ தானே 578 நானோமீட்டர் பக்கம் ஒளிர ஆரம்பிக்கும். திரையில் இது எப்படித் தெரியும் என்றால், சிடி8-ஐ பிஇ-சை7-இலும் சிடி25-ஐ பிஇ-இலும் வைத்த பேனலில் (சேர்த்துப் போடும் ஆன்டிபாடித் தொகுப்பில்), சிடி8 கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிடி25 பாசிட்டிவ் போல ஏறி நிற்கும். தூண்டப்பட்ட செல்களில் சிடி25 ஏறும் என்பதால், ஆய்வகத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, செல்கள் தூண்டப்பட்டிருக்கின்றன என்று முடிவே கட்டிவிட்டார். சிடி25 ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாம் போட்ட எஃப்எம்ஓ குழாயை ஓட்டினோம். சாய்வு அப்படியே இருந்தது. சிடி25-ஏ இல்லாத குழாயில் அது எங்கிருந்து வரும்?

சந்தேகம் வந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. டேண்டம் ஆன்டிபாடியை மட்டும் செல்களில் போட்டு, புதுக் குப்பியையும் பழைய குப்பியையும் பிஇ சேனலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏபிசி என்ற சாயத்தோடு சை7-ஐ இணைத்த ஏபிசி-சை7-க்கும் இதே கதைதான், அங்கே ஏபிசி சேனலில் பார்க்க வேண்டும். உயிருள்ள செல்களே டேண்டத்தைச் சிதைக்கும் என்பதால் சாயமேற்றிய குழாய்களை இருட்டில், குளிரில் வைத்து அன்றைக்கே ஓட்டிவிடுகிறேன். ஒவ்வொரு லாட்டும் (தயாரிப்புத் தொகுதியும்) கொஞ்சம் வேறுபடும். ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த புது லாட்டில் வழிவு முன்பைவிட அதிகம். கேட்டதற்கு, லாட் மாறினால் காம்பன்சேஷனை (வழிவைக் கழிக்கும் கணக்கை) புதிதாகச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. பதில் சரிதான், ஆனால் அந்த விலைக்கு ஒரு வரி முன்கூட்டியே எழுதி அனுப்பியிருக்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஒரு சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. பாதி பாதியாகக் குறைத்து டைட்ரேஷன் செய்தால் சிடி3, சிடி8 இரண்டும் பெரும்பாலும் பாதிக்கும் குறைவிலேயே நன்றாகப் பிரிகின்றன. கூடுதலாகப் போட்டால் நெகட்டிவ் கூட்டமும் சேர்ந்து மேலே ஏறும், அவ்வளவுதான் பலன். சிடி127-இல் மட்டும் இந்தச் சிக்கனம் எனக்குச் சரிவரவில்லை. குறைத்தால், சிடி127 குறைவாக உள்ள ஒழுங்காற்று டி செல்களைப் பிரிக்கத் திரையில் போடும் எல்லை (கேட்) குழம்பிப்போகிறது.

இறந்த செல்களைக் காட்டும் சாயம் இல்லாமல் எந்த பேனலையும் ஓட்டாதீர்கள். அவற்றில் எல்லா ஆன்டிபாடியும் ஒட்டும். பிவி421 போன்ற பிவி சாயங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அதற்கான பஃபரும் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிசிஆர்7-ஐ ஐஸில் வைத்துச் சாயமேற்றினால் நினைவு டி செல்களுக்கும் (கிருமியை முன்பே சந்தித்தவை) நைவ் செல்களுக்கும் (இன்னும் சந்திக்காதவை) நடுவே கோடு போட முடியாத அளவுக்குக் கூட்டம் மங்கலாக வரும். அதை மட்டும் 37 டிகிரியில் முதலில் போட்டு, அப்புறம் மற்றவற்றைச் சேர்க்கிறேன்.

பிஇ, ஏபிசி ஒட்டிய குப்பிகளை ஃப்ரீசரில் வைத்தால் அந்தப் புரதங்கள் கெட்டுவிடும், 2 முதல் 8 டிகிரிதான் அவற்றுக்கு இடம். பிரித்தெடுத்த செல்களைத் திரும்ப வளர்க்கப் போகிறீர்கள் என்றால் சோடியம் அசைடு இல்லாத வடிவத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கமான குப்பிகளில் அசைடு கலந்தே வருகிறது, செல்களுக்கு அது ஆகாது.