அந்தக் கறுப்பு ஆர்எக்ஸ்-8 மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கார் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் பழைய காரைப் பார்த்தேன். கறுப்பு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 2004 மாடல். என்ஜின் போய்விட்டது என்று காகிதத்திலேயே எழுதிக் கொடுத்து, பிரித்துப் பாகங்களாக விற்கப்போகிறேன் என்ற ஒருவரிடம் மூன்று மாதத்துக்கு முன்னால் தள்ளிவிட்ட வண்டி. இப்போது "என்ஜின் புதுசா ரீபில்ட், ஃபுல் மாடிஃபைடு, ரசிகர்களுக்கு மட்டும்" என்று போட்டிருக்கிறார்கள். படம்கூட நான் எடுத்ததுதான். ஓரத்தில் என் தம்பியின் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது.

இதைப் பார்த்து ஆசைப்படப்போகிறவன் 20, 21 வயதுப் பையனாகத்தான் இருப்பான். நானும் அந்த வயதில்தான் வாங்கினேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுற்றுகிற ரோட்டரி என்ஜின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ரோட்டரி என்ஜினோடு அந்தப் பந்தயத்தை ஜெயித்த ஒரே கார் அதுதான். ஆர்எக்ஸ்-8-ல் அதே குடும்பத்து என்ஜின், 9000 ஆர்பிஎம் வரை ஏறும், பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதும் சுலபமாக இருந்தது. நாலு பேர் உட்காரலாம், காகிதத்தில் 1.3 லிட்டர்தான் இருக்கிறது, சின்ன என்ஜின், மைலேஜ் நன்றாகக் கொடுக்கும் என்றேன். அந்த 1.3 லிட்டர் குடிக்கிற பெட்ரோலைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அப்பா படித்தாலும் படிப்பார்.

எனக்கு விற்றவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். வாய்க்கு வாய் "தம்பி" என்றார். பழைய கார் வாங்கப் போனால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார், என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏமாற்று வேலை என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொட்டேன், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன், ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

பத்து நிமிஷம் ஓட்டினேன். சைலன்சர் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசியது காதில் விழவில்லை. திரும்பி வந்து நிறுத்தி, சாவியைத் திருப்பக் கை போனபோது அவர் தடுத்தார். "உடனே ஆஃப் பண்ணக் கூடாது தம்பி, டர்போ வண்டி மாதிரிதான் இதுவும். ஓடட்டும்." ஆர்எக்ஸ்-8-ல் டர்போவே கிடையாது. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, பணம் கைமாறி, நான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பும்வரை அந்த என்ஜின் அணையவே இல்லை.

மறுநாள் பெட்ரோல் போட நிறுத்தினேன். போட்டு முடித்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல என்ஜினில் செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பாகத் தடைபட்டுத் தடைபட்டு வரும். இது எந்தத் தடையும் இல்லாமல் மிக்ஸி மாதிரி வீ...ங் என்று சுற்றியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடிக்க, இரண்டு பேர் தள்ளிக் கொடுக்க, ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறினதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

குளிர்ந்த என்ஜினைப் பார் என்பது மற்ற கார்களுக்குச் சரி. ரோட்டரியில் சூடான என்ஜினைத்தான் பார்க்க வேண்டும். உள்ளே பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவத்தில் இரண்டு ரோட்டர்கள் சுற்றுகின்றன, ஒவ்வொன்றின் மூன்று முனையிலும் ஒரு சீல். அந்தச் சீல் தேய்ந்துவிட்டால் அழுத்தம் கசியும். குளிர்ந்திருக்கும்போது கெட்டியான எண்ணெய் அந்தக் கசிவை ஓரளவு அடைத்து மானத்தைக் காப்பாற்றும். சூடேறி எண்ணெய் இளகியதும் சாயம் வெளுத்துவிடும். அதனால் இருபது நிமிஷமாவது ஓட்டி, அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்து நீங்களே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். அணைக்க விடாதவரிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பார்க் பிளக் துளையில் சாதாரண கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு கம்ப்ரஷன், அதாவது உள்ளே உண்டாகிற அழுத்தம், நன்றாக இருக்கிறது என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கம். மூன்றில் எது அதிகமோ அதை மட்டும்தான் அந்த கேஜ் பிடித்து வைத்துக் காட்டும். மற்ற இரண்டும் செத்துக் கிடந்தாலும் தெரியாது. ரோட்டரிக்கென்றே இருக்கிற டெஸ்டர் மூன்று பக்கத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும். அது வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது.

அவர் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒவ்வொரு மாடிஃபிகேஷனுக்கும் பின்னால் ஒரு கோளாறு இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சைலன்சர் பெருமைக்காகப் போட்டதே இல்லை. இந்த காரில் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் அடிக்கடி பலவீனமாகும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும். அடைபட்டதை அறுத்து எறிந்துவிட்டு வெறும் குழாயை வெல்ட் செய்திருந்தார்கள். காயிலை மாற்றவில்லை. கன்வெர்ட்டர் இல்லாவிட்டால் டாஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரிய வேண்டுமே என்றேன். சாவியை ஆன் செய்து பார்க்கச் சொன்னார். எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்தது, அது ஒன்றைத் தவிர. மீட்டர் கிளஸ்டரைக் கழற்றினால் விளக்கின் மேல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு டேப். இத்தனை நாளில் எத்தனை தடவை சாவியைத் திருப்பியிருப்பேன், ஒரு தடவையாவது கவனித்தேனா?

வண்டியைத் தரையோடு இறக்கியிருந்தது ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் என்றார் விற்றவர். கம்பெனி ஸ்பிரிங்கையே கிரைண்டரால் ஒரு சுற்று அறுத்திருந்தார்கள். வெட்டிய இடம் சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்தது. சக்கரம் மேலே உள்பக்கமாகச் சாய்ந்து, பின் டயர் இரண்டும் உள் ஓரத்தில் கம்பி தெரியத் தேய்ந்திருந்தன. வெளியே நின்று பார்த்தால் பட்டன் பட்டனாக நல்ல டயர். முன் டயரின் பக்கச்சுவரில் 3109 என்ற எண் இருந்தது. 2009-ம் வருஷத்து 31-வது வாரம் என்று அர்த்தம். அதில்தான் நான் வளைவுகளில் வேகம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

"ஒரு சொட்டு ஆயில்கூட இறங்காது தம்பி" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். அதைச் சொன்னதும் மெக்கானிக் சிரித்துவிட்டார். இந்த என்ஜின் ஆயில் குடிக்க வேண்டும். சீலுக்கு உயவு கொடுக்க, அதற்கென்று இருக்கும் ஒரு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஆயில் விட்டு எரிக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் குச்சியைப் பார்த்து ஊற்ற வேண்டும். ஆயில் இறங்கவே இல்லை என்றால் அந்த பம்ப் வேலை செய்யவில்லை, சீல் காய்ந்து தேய்கிறது. இந்த வண்டியில் பம்பிலிருந்து போகும் குழாய்களையே கழற்றி அடைத்திருந்தார்கள். அப்படிச் செய்கிறவர்கள் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவார்கள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மிச்சமிருந்த சீலைத் தேய்த்து முடித்தது நானேதான்.

என்ஜின் ரீபில்ட் பில் என்று விற்றவர் போனில் ஒரு படம் காட்டியிருந்தார். அப்புறம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலிருந்த சேஸிஸ் நம்பர் என் வண்டியுடையதே இல்லை.

இன்சூரன்ஸ் கதை தனி. வாங்கிய பிறகுதான் கேட்டேன், அது முதல் முட்டாள்தனம். சைலன்சர், ஸ்பிரிங், வீல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் வயதையும் சேர்த்துக் கேட்டதும் மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். "அதையெல்லாம் ஏன் தம்பி சொல்றீங்க, ஸ்டாண்டர்டுன்னு போட்டுடுங்க" என்றார் விற்றவர். மறைத்து எடுத்துவிட்டு நாளைக்கு யார் மேலாவது மோதினால், மாற்றங்களைச் சொல்லவில்லை என்று காட்டியே பணம் தர மறுக்கலாம். வாங்குவதற்கு முன்னாலேயே, செய்திருக்கும் மாற்றங்களை எழுதி வைத்துக்கொண்டு போன் போட்டுக் கேளுங்கள். அந்த ஒரு போனே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

எல்லாம் தெரிந்த பிறகு அவரிடம் போனேன். கோபப்படக்கூட இல்லை. "பழைய வண்டின்னா அப்படித்தான் தம்பி. உள்ளது உள்ளபடின்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். போட்டிருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில், பானெட்டின் மேல் வைத்து, படிக்காமலே. அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

இப்போது விளம்பரத்தில் இருக்கும் வண்டிக்கு அடையாளம் சொல்கிறேன். வலது பின்கதவின் கீழ் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கியர் குமிழ் வெள்ளை. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஆயில் சூடு காட்டும் மீட்டர் ஒன்று, முள் அசையாது. கம்ப்ரஷன் நிமிஷத்துக்கு 250 சுற்றில் குறைந்தது 680 கிலோபாஸ்கல் இருக்க வேண்டும். நான் விற்ற அன்று முன் ரோட்டரில் 650, 640, 660. பின் ரோட்டரில் 520, 430, 510. நிஜமாகவே ரீபில்ட் செய்திருந்தால் புது ரீடிங் தாளும், இந்த வண்டியின் சேஸிஸ் நம்பர் போட்ட பில்லும் அவர்களிடம் இருக்கும். கேட்டுப் பாருங்கள். என் ரீடிங் தாள் பத்திரமாக இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் நகல் தருகிறேன்.