வடமாநிலத் தொழிலாளி கைதானால் 15100 எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

கூடங்குளம் அணு உலைக் கட்டுமானம், கங்கைகொண்டான் சிப்காட், ராதாபுரம் பக்கத்துக் காற்றாலை என்று திருநெல்வேலிச் சீமை முழுக்க பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துப் பையன்கள் வேலை செய்கிறார்கள். எங்காவது திருட்டு என்றால் பல நேரம் ஜீப் முதலில் வந்து நிற்பது அவர்கள் கொட்டகை வாசலில்தான். அப்போது காசில்லாமல் வக்கீல் கிடைக்க இருக்கும் வழி சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதன் உதவி எண் 15100.

தகுதி விஷயத்தில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. எந்த மாநிலத்துக்காரர் என்பது கணக்கே இல்லை. கூட இருப்பவரோ, மேஸ்திரியோ, டீக்கடைக்காரரோகூட அவருக்காகப் பேசலாம். பெயர், அப்பா பெயர், பேசும் மொழி, எந்த ஸ்டேஷன், வண்டி எண், எத்தனை மணிக்குக் கொண்டுபோனார்கள் என்பதைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். மணிதான் இதில் உயிர். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். ஆனால் "சும்மா விசாரணைக்கு" என்று முந்தின நாள் ராத்திரி கூட்டிப்போய்விட்டு, மறுநாள் சாயங்காலம் கைது செய்ததாக எழுதுவதுதான் பழைய தந்திரம். அதை உடைக்க, வண்டி கிளம்பியவுடன் யாருக்காவது வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். அந்தச் செய்தியில் பதியும் நேரம் பின்னால் வக்கீலுக்குப் பெரிய பிடி.

குறை எங்கே என்றால், இந்தச் சேவைக்குக் கோர்ட்டில் இருக்கும் பலம் ஸ்டேஷனில் இல்லை. வக்கீல் பெரும்பாலும் ரிமாண்டுக்குத்தான், அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடும் கட்டத்தில்தான், வந்து நிற்பார். அடி விழுவது அதற்கு முன்னால். கைதுக்கு முன்பும் கைதின்போதும் உதவி தர வேண்டும் என்று தேசிய ஆணைக்குழு 2019-இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 38-ஆம் பிரிவு, விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. முழு நேரமும் கூடவே இருக்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே போனில் "வக்கீல் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. "இன்னும் ரிமாண்ட் ஆகவில்லை, ஸ்டேஷனுக்கே வக்கீல் வர வேண்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை மொழி. அரெஸ்ட் மெமோ, அதாவது கைதைப் பதிவு செய்யும் தாள், தமிழில் இருக்கும். கீழே ஒடியா மட்டும் தெரிந்தவரின் கையெழுத்து. அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான். மாஜிஸ்திரேட் "அடித்தார்களா?" என்று கேட்கும்போது கூட்டிவந்த போலீஸ்காரரே மொழிபெயர்த்தால் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. வேறு ஆள் வேண்டும் என்று வக்கீல் கேட்டு, கேட்டதைப் பதிவு செய்யவும் வைக்க வேண்டும். 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் போலீஸ் பிடுங்கியதாக எழுந்த புகார் வெளியே வந்தது, பாதிக்கப்பட்டவர்கள் தமிழில் வாய் திறந்து பேசியதால். மேற்கு வங்கத்துப் புரூலியாவிலிருந்து வந்த பையனுக்கு அந்த வாயும் இல்லை.

மருத்துவப் பரிசோதனையைச் சடங்காக விட்டுவிடாதீர்கள். சட்டையைக்கூடக் கழற்றாமல் "வெளிக்காயம் இல்லை" என்று சீட்டு எழுதினால் கேஸ் அங்கேயே செத்துவிடும். உள்ளங்கால், புட்டம், பல், விரல் நகம் எல்லாம் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். லத்தி அடி பெரும்பாலும் மறையும் இடத்தில்தான் விழும். பி.என்.எஸ்.எஸ். 53-ஆம் பிரிவுப்படி அறிக்கையின் நகல் அவருக்கே உரியது. அந்த நகல் கையில் இருந்தால், பிறகு "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டுவந்தாலும் கேள்வி கேட்க முடியும்.

ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பக்கத்துச் சாத்தான்குளத்தில் அதே வருடம் ஜூனில் என்ன நடந்தது? பதிவு அன்றாடம் தானே அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று மாஜிஸ்திரேட் அறிக்கையில் வந்தது. அதனால் முதல் நாளே, குறிப்பிட்ட தேதியையும் மணியையும் போட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. மனித உரிமை ஆணையத்துக்குப் போவதானால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கைதானவரிடம் முதலில் பிடுங்குவது போனைத்தான். எண்ணை அதில் சேமித்து வைத்துப் பயனில்லை. கொட்டகைச் சுவரில், சமையல் அடுப்புக்கு மேலே, 15100 என்று பெயிண்டால் பெரிதாக எழுதி, கீழே இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் "போலீஸ் பிடித்தால் இதில் கூப்பிடு" என்று ஒரு வரி போடுங்கள்.